கால் எட்டுகிற வண்டி

"ஸ்டார்ட் பண்ணாதீங்க டீச்சர். சாவி எங்கிட்டயே இருக்கட்டும். வண்டியைத் தள்ளிக்கிட்டு அந்த வேப்பமரத்தை மூணு சுத்து சுத்திட்டு வாங்க."

2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டை மன்னர் கல்லூரி மைதானத்தில் காலை ஆறு மணிகூட ஆகவில்லை. எனக்கு வயது ஐம்பது. வண்டி, இரண்டு பேர் கை மாறி என்னிடம் வந்த ஒரு பழைய ஸ்கூட்டி பெப் பிளஸ். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றவர் எங்கள் தெரு மெக்கானிக். ஓட்டப் பழக வந்தவளைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்கிறாரே என்று முதல் சுற்றில் சங்கடமாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வேறு பார்த்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது சுற்றில்தான் புரிந்தது. திருப்பும்போது வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாயும்வரை என் கை தாங்குகிறது, எதற்குமேல் தாங்காது என்பதையெல்லாம் என் இடுப்பும் தோளும் தெரிந்துகொண்டிருந்தன. மூன்றாவது சுற்று முடிந்தபோது உள்ளங்கை வியர்வை காய்ந்திருந்தது.

இருபத்தொன்பது வருடமாக எனக்குள் கிடந்த பயத்தை வேகத்தின் மீதான பயம் என்றே நம்பியிருந்தேன். அன்றைக்குத்தான் அதன் உண்மையான முகம் தெரிந்தது. நிற்கிற வண்டி என்மேல் சாய்ந்துவிடும், என்னால் தாங்க முடியாது, நாலு பேர் முன்னால் கீழே கிடப்பேன் என்ற பயம் அது. வண்டிக்குப் பயப்படுகிற யாரைக் கேட்டாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருகிறார்கள்.

இரண்டு சக்கரம் எனக்குப் புதிதில்லை. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுத்தார். கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வயல்வேலைக்குப் போகிறவர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் அந்த ஒன்றிரண்டு வருடத்தில் சைக்கிள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறியவர்கள் ஏராளம். நானும் அதில்தான் பழகினேன். விழுந்தால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறுவோம். சைக்கிள் நம்மேல் விழுந்தாலும் ஒரு கையால் தள்ளிவிடலாம். அந்த தைரியத்துக்குப் பின்னால் சைக்கிளின் எடை இருந்தது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

1994-ல் அண்ணன் வைத்திருந்த கியர் ஸ்கூட்டரில் ஏறினேன். வீட்டு வாசல், மாலை நேரம். இடது கையால் கிளட்சைப் பிடித்து, அதே கையால் கைப்பிடியைத் திருகி ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். நான் சட்டென்று விட்டுவிட்டேன். வண்டி ஒரு எட்டு முன்னால் பாய்ந்து அணைந்தது. அணைந்த வண்டி வலது பக்கம் சரிந்தது. பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. வலது கால் அடியில் மாட்டிக்கொள்ள, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். காயம் பெரிதில்லை. "விடும்மா, உனக்கு இது வராது" என்றார் அண்ணன். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தை என் பாதி ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்தக்கால வண்டிகள் ஓட்டுகிறவரிடம் எவ்வளவு கேட்டன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கியர் ஸ்கூட்டரில் எஞ்சின் வலது பக்கம் தொங்கும். அதனால் வண்டியின் பாரமே ஒரு பக்கமாக இழுக்கும். பழகினவர்கள் உடம்பை லேசாக மறுபக்கம் வைத்து ஓட்டுவார்கள், அவர்களுக்கே தெரியாமல். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வண்டியை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, பிறகு கிக்கரை உதைக்க வேண்டும். தெருவில் காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் கிளம்பும் அப்பாக்கள் எல்லாரும் ஸ்கூட்டரைச் சாய்த்துக்கொண்டு நிற்பது அன்றைய அன்றாடக் காட்சி. பெட்ரோல் திடீரென்று தீர்ந்தால் ஓடுகிற வண்டியிலேயே குனிந்து திருகியை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலோடு ஆயில் சேர்க்க வேண்டும், கூடிப்போனால் பிளக் அடைத்துக்கொள்ளும், கழற்றி உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பின் பிரேக் வலது காலில், முன் பிரேக் வலது கையில், கியரும் கிளட்சும் இடது கையில். இத்தனையையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொண்டு ரோட்டையும் பார்க்க வேண்டும். பயந்தவருக்கு அது பரீட்சை மாதிரி. தோற்றால் வண்டியின் மேல் தப்பு சொல்ல முடியாது. "உனக்கு வராது" என்று நம்மேல்தான் முத்திரை விழும்.

எந்த வண்டி வாங்கலாம் என்ற கேள்வியே அன்றைக்குக் கிடையாது. எது கிடைக்கிறதோ அதுதான் வண்டி. பஜாஜ் சேத்தக் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த காலம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருந்தது. கல்யாணத்துக்குப் பதிவு செய்த வண்டி குழந்தை பிறந்த பிறகு வந்து சேர்ந்த கதைகளை எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன். அப்படி வந்த வண்டி வீட்டுத் தலைவரின் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்றது. மற்றவர்கள் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வண்டி மட்டும் எங்களைப் போன்றவர்களைப் பார்த்துச் சிரித்தது. டிவிஎஸ் 50. ஓசூரில் செய்து 1980-ல் வெளிவந்த, இரண்டு பேர் போகக்கூடிய மொபெட். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. பெடலை மிதித்துக் கிளப்பி, கைப்பிடியைத் திருகினால் போகும். சைக்கிள் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் அதைப் பழகிவிடலாம், ஏனென்றால் அது எஞ்சின் வைத்த சைக்கிள்தான். இரண்டு படி ஏற்றித் திண்ணையில் நிறுத்த ஒருவர் போதும். பால்காரர், கீரைக்காரம்மா, ரெண்டு குடம் தண்ணி, ஒரு ஆட்டுக்குட்டி என்று அது சுமந்ததையெல்லாம் பார்த்தால் அதை யாரும் பலவீனமான வண்டி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சொன்னார்கள். "பொம்பளை வண்டி", "வாத்தியார் வண்டி" என்றார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாதவர்கள் ஓட்டுவது என்று ஒரு ஏளனம் அதன்மேல் படிந்திருந்தது. எங்கள் வீட்டில் அந்த வண்டி இருந்திருந்தால் 1994-லேயே நான் ஓட்டியிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தவறான வண்டியில் ஏறிவிட்டு, தவறு என்னுடையது என்று நினைத்து இத்தனை வருடம் ஓடிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மாற்றம் கையிலும் காலிலும் நடந்தது. எண்பதுகளின் நடுவில் கைனெடிக் ஹோண்டா வந்தபோது, ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும், கியரே மாற்ற வேண்டாம் என்பது பெரிய ஆச்சரியம். ஆனால் விலை எங்களுக்கு எட்டவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. கல்லூரிப் பெண்கள் அதில் போக ஆரம்பித்த பிறகு, எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் கியர் இல்லாவிட்டால் அதற்கு "ஸ்கூட்டி" என்றே பேர் ஆகிவிட்டது. 2001-ல் ஹோண்டா ஆக்டிவா வந்தது. பெண்களுக்கு என்றும் ஆண்களுக்கு என்றும் பிரிக்காமல் மொத்தக் குடும்பத்துக்குமான வண்டியாக அது வீடுகளுக்குள் நுழைந்தது. அப்பா கடைக்குப் போவார், அம்மா பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடுவார், சாயங்காலம் மகள் டியூஷன் போவாள். 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. 125 சிசிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எல்.எல்.ஆர். வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலர் என் மாணவிகளின் அம்மாக்கள். அந்த வரிசை எனக்கு 1991-ஐ நினைவூட்டியது.

இன்றைய வண்டி புதிதாய்ப் பழகுகிறவருக்காக எவ்வளவு வேலையைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறது என்பதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். செல்ஃப் ஸ்டார்ட். இரண்டு பிரேக்கும் கையில், சைக்கிள் மாதிரியே. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள வண்டிகளில் இரண்டு சக்கர பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதி கட்டாயம். இடது கையை மட்டும் அழுத்தினாலும் முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். பதற்றத்தில் ஒரு பிரேக்கை மறந்துவிடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை! சைடு ஸ்டாண்டு எடுக்காவிட்டால் புதிய வண்டிகள் பலவற்றில் எஞ்சினே ஓடாது. "அக்கா, ஸ்டாண்டு!" என்று பின்னாலிருந்து கத்துகிற குரல் தமிழ்நாட்டு ரோட்டின் மிக நல்ல குரல்களில் ஒன்று. முகம் தெரியாதவருக்காகக் கத்துகிற அந்தக் குரலை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வண்டியே வாங்கிக்கொண்டது. "முந்தானை, முந்தானை" என்ற குரலுக்கு மட்டும் இன்னும் வேலை இருக்கிறது. பகலில் ஹெட்லைட் எரிவதைப் பார்த்து எதிரில் வருகிறவர்கள் விரலை மடக்கி மடக்கிச் சைகை காட்டுவதும் நிற்கவில்லை. 2017 முதல் புது வண்டிகளில் லைட் எப்போதும் எரியும்படிதான் வருகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்தச் சைகையைப் பார்த்து ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று திடுக்கிட வேண்டாம்.

இத்தனையும் சரி. ஆனால் வண்டி எளிதானபோதே, முதலில் வந்த கியர் இல்லாத சின்ன வண்டிகளைவிடக் கனமும் கூடிவிட்டது. மெட்டல் பாடி வந்தது, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தது, பெரிய சக்கரம் வந்தது, சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்க இடம் வந்தது. ஒவ்வொன்றும் நல்லதுதான். ஒவ்வொன்றும் எடைதான். என் பெப் பிளஸ் 93 கிலோ. இன்றைக்கு வீடுகளில் அதிகம் காணும் 110 சிசி ஸ்கூட்டர்கள் 105 கிலோவை ஒட்டி நிற்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோதானே என்று சொல்லலாம். ரேஷன் கடையில் பத்துக் கிலோ அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வண்டி நேராக நிற்கும்போது அந்த எடை நமக்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட சாய்வைத் தாண்டியதும் மொத்தமும் ஒரே கையில் வந்து இறங்கும். அந்தச் சாய்வு எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஒவ்வொரு உடம்புக்கும் வேறு. மெக்கானிக் என்னை மரத்தைச் சுற்ற வைத்தது அந்த இடத்தைக் காட்டத்தான்.

வண்டி தேடி நான் இரண்டு மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். பேர் வேண்டாம், எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. என்ன கலர் மேடம், மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும், போன் இணைக்கிற வசதி வேண்டுமா என்று கேட்டார்கள். உட்கார்ந்து பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகக் கேட்டு உட்கார்ந்தபோது வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. நடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து கால் எட்டுகிறதா என்று பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, போட்டுப் போகிற செருப்போடு, கட்டிப் போகிற சேலையோடு உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தபோது எனக்கு ஒரு பாதத்தின் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. நான் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. "ஓட்ட ஓட்டப் பழகிடும் மேடம்" என்றார் அந்தப் பையன். கால் வளராது என்று எனக்குத் தெரியும்.

சீட் உயரம் என்று அட்டையில் போட்டிருக்கிற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பல ஸ்கூட்டர்களில் அது 76, 77 சென்டிமீட்டர்தான். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் தரைக்கு எட்டாமல் போய்விடும். குறுகலான சீட்டில் அதே உயரத்தில் பாதம் முழுவதும் பதியும். கால் வைக்கும் தளத்தின் அகலமும் இப்படித்தான், தளம் அகலமாக இருந்தால் காலை அதைச் சுற்றிக்கொண்டு இறக்க வேண்டும். சிசியைப் பார்த்து எடையை ஊகிப்பதும் தவறு. 125 சிசி ஸ்கூட்டர்களில் யமஹா ஃபசினோ 99 கிலோதான். அதைவிடக் குறைந்த சிசி வண்டிகள் அதைவிட அதிக எடையில் இருக்கின்றன. அட்டையில் கெர்ப் எடை என்று போட்டிருப்பது பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய எடை. வேறு எந்த எண்ணையும் பார்க்காவிட்டாலும் அதைப் பாருங்கள்.

எண்ணைவிட உடம்பு நம்பகமானது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, இறங்கி நின்றபடி பத்தடி முன்னால் தள்ளி, பத்தடி பின்னால் இழுத்து, மறுபடி நடு ஸ்டாண்டு போட்டுப் பார்க்க வேண்டும். நடு ஸ்டாண்டு கைப்பலத்தால் வருவதில்லை. ஸ்டாண்டின் கால் இரண்டும் தரையில் படும்படி அழுத்தி, நம் முழு எடையையும் ஒரு காலில் இறக்கினால் வண்டி தானாக ஏறும். தெரிந்துகொண்டும் வரவில்லை என்றால் அந்த வண்டி இப்போதைக்கு நமக்கு வேண்டாம். முதலில் பழைய வண்டி, பிறகு புதியது என்பதையும் நான் அழுத்திச் சொல்வேன். புது வண்டியில் விழும் முதல் கீறல் மனதில் விழுகிறது. அந்தக் கீறலுக்குப் பயந்தே ஓட்டாமல் நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். வாசலில் மூடி போர்த்தி நிற்கும் புது ஸ்கூட்டர்கள் எத்தனை!

கிராமத்துப் பாதையில் போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இன்றைக்கும் எக்ஸ்.எல்.தான். டிவிஎஸ் 50-யின் வாரிசான எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு 2015-ல் வந்தது. எடை 90 கிலோவுக்குள். பெரிய சக்கரம், குண்டு குழியில் கைப்பிடி அதிகம் ஆடாது. பழைய ஏளனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் பல பேர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் என் பள்ளிக்கூடப் பாதை தார் ரோடு என்பதால்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

பயம் பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து எழுதிக்கொண்டு போகக் கூடாது. பயந்த பையன்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள இடம் கிடையாது, அவ்வளவுதான். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியரின் மகன் கல்லூரி சேர்ந்ததும் நண்பர்கள் பேச்சைக் கேட்டுப் பெரிய வண்டி கேட்டான். வீட்டுக்கு வந்த வண்டியை அவன் கேட்டுக்கு வெளியே எடுக்கவே இரண்டு பேர் துணை வேண்டியிருந்தது. சிக்னலில் நிற்கும்போது வண்டி சாய்ந்துவிடுமோ என்று சிக்னல் இல்லாத தெருக்களில் சுற்றிப் போவானாம். இதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான், ஏனென்றால் நான் பயந்தவள் என்று ஊருக்கே தெரியும். 350 சிசி வண்டிகளில் 190 கிலோவைத் தாண்டுபவை இருக்கின்றன. 100 சிசி மோட்டார் சைக்கிளில் ஹோண்டா ஷைன் 100 போன்றவை 99 கிலோவில் கிடைக்கின்றன. பாதிக்குப் பாதி. கிளட்சும் கியரும் பழக வேண்டியவன் பாதி எடையில் பழகினால் என்ன குறைந்துவிடும்? அவன் இப்போது அப்பாவின் பழைய 100 சிசி வண்டியில் போகிறான். பெரிய வண்டியில் அப்பா போகிறார்.

பதினாறு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே இருக்கிறது. பெற்றோர் சம்மதத்தோடு 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது அப்படிப்பட்ட வண்டிகள் தெருவெங்கும் இருந்தன. இன்றைக்கு 50 சிசி பெட்ரோல் வண்டி கடையில் கிடையாது. விதி இருக்கிறது, வண்டி இல்லை. அந்த இடைவெளியில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் 110 சிசி வண்டியில் மூன்று பேராக டியூஷன் போகிறார்கள். 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். தலையாட்டினார்கள். மறுநாளும் பிள்ளைகள் அதே வண்டியில்தான் வந்தார்கள். மிதமான வேகத்தில் போகிற, சட்டத்துக்கு உட்பட்ட ஒரு சின்ன வண்டி அந்த வயதுக்கு வேண்டும்.

அந்த இடத்துக்குத்தான் மின்சார வண்டி வந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் 250 வாட் மோட்டாருக்கும் உட்பட்டவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம். பெரிய மின்சார ஸ்கூட்டர்களுக்கு வேண்டும். டிவிஎஸ் 50 பிறந்த அதே ஓசூரில்தான் இன்றைக்கு ஐக்யூபும் ஏத்தரும் செய்யப்படுகின்றன. அதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா. நான் ஓட்டிப் பார்த்தேன். பயந்தவர்களுக்கு அதில் இரண்டு வசதி, இரண்டு ஆபத்து. வேகத்தைக் கட்டுப்படுத்தும் எகோ நிலை உண்டு, சரிவில் மாட்டிக்கொண்டால் பின்னால் வர ரிவர்ஸ் உண்டு. அவ்வளவு கனத்தை என்னால் பின்னால் இழுக்க முடியாது, அது தானாகவே வருகிறது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் நிற்கும்போது சத்தமே இல்லை. அணைந்திருக்கிறது என்று நினைத்து கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் பாய்ந்துவிடும். பெட்ரோல் வண்டி ஒரு கணம் யோசித்துக் கிளம்பும், இது யோசிக்காது. நின்றால் பிரேக்கைப் பிடித்தபடி நிற்க வேண்டும், இறங்கினால் அணைத்துவிட்டு இறங்க வேண்டும். இந்த இரண்டும் கையில் ஊறும்வரை மின்சார வண்டியைக் கூட்டத்துக்குள் எடுக்கக் கூடாது. எடையும் பெரும்பாலும் 110 கிலோவை ஒட்டியோ தாண்டியோதான்.

பழகும் விதம்தான் எல்லாவற்றையும்விட மாறியிருக்கிறது. அன்றைக்கு அண்ணனோ புருஷனோ கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். விட்டேன் என்று சொல்லாமலே விட்டுவிடுவார்கள். திரும்பிப் பார்த்ததும் விழுவோம். இன்றைக்கு மதுரை, கோவை, சென்னை மாதிரி ஊர்களில் பெண்களே வீட்டுக்கு வந்து பழக்கித் தருகிறார்கள். கத்துவதில்லை. எனக்கு அந்த மெக்கானிக் கிடைத்தார். இரண்டாவது ஞாயிறு சாவியைக் கொடுத்தார். கைப்பிடியைத் திருகவிடாமல், சரிவில் எஞ்சினே இல்லாமல் உருளவிட்டு, காலைத் தொங்கவிட்டபடி பிரேக் பிடிக்க வைத்தார். நிறுத்தத் தெரிந்த பிறகு ஓட்டம். மூன்றாவது ஞாயிறு ஒரு நாய் குறுக்கே வந்தது. பயத்தில் இரண்டு கையையும் இறுக்கினேன், வண்டி நிற்பதற்குப் பதில் சீறியது. நல்லவேளை, நாயும் நானும் தப்பினோம். அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி என் வலது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"மணிக்கட்டு மேல தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க டீச்சர். இப்படிப் பிடிச்சா, இறுக்குறப்ப தானா ஆக்ஸிலேட்டர் திருகிடும். முழங்கையை இறக்குங்க, மணிக்கட்டைக் கீழ வைங்க. இப்ப இறுக்கிப் பாருங்க."

இறுக்கினேன். கைப்பிடி திருகவில்லை. பயம் வந்தால் உடம்பு இறுகத்தான் செய்யும், அதை யாராலும் தடுக்க முடியாது. இறுகினாலும் வண்டி பாயாதபடி கையை வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. "தைரியமா ஓட்டு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட்ட நாளில் முதல் முறை காலை ஊன்றிவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி போய்ப் போட்டேன். எட்டில் வேகம் உதவாது. நடக்கிற வேகத்தில், பின் பிரேக்கை லேசாக உரசியபடி, போக வேண்டிய வளைவைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முன் சக்கரத்தைப் பார்த்தால் கால் தரைக்குப் போய்விடும். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான் எனக்கு. அது எனக்குப் போதும். பள்ளிக்கூடம் பதினான்கு கிலோமீட்டர். காலை ஒரே ஒரு பஸ் என்றிருந்தது போய், இப்போது நான் நினைத்த நேரத்துக்குக் கிளம்புகிறேன். ஹெல்மெட்டின் பட்டையை மாட்டும் அந்த 'டிக்' சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

போன ஆவணியில் எங்கள் பள்ளியின் சத்துணவு சமையலர் அக்கா மெல்லக் கேட்டார். வீட்டுக்காரர் இறந்த பிறகு காய்கறி வாங்க டவுனுக்குப் போவதுதான் அவருக்கு பெரிய பாடு. "டீச்சர், மகன் புது வண்டி எடுத்துத் தரேங்குறான். எந்த வண்டி நல்லதுன்னு சொல்லுங்களேன். எனக்குத் தொட்டாலே நடுங்குது."

"செருப்புப் போட்டு வாங்கக்கா" என்றேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்திலும் ஒரு வேப்பமரம் இருக்கிறது. வண்டியின் ஸ்டாண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். முதலில் வண்டியை உடம்பை விட்டு எட்டப் பிடித்தார், பிறகு தானாகவே இடுப்போடு சேர்த்துக்கொண்டார். மரத்தைச் சுற்றித் தள்ள ஆரம்பித்தார். இரண்டாவது வகுப்பு ஜன்னலில் நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சாவி என் கையிலேயே இருந்தது.